அரைக் கிலோ துவரம் பருப்புடன் தாம்பரம்

நான்கு சட்டை, இரண்டு பேன்ட், ஒரு சின்ன எலக்ட்ரிக் குக்கர், அரைக் கிலோ துவரம் பருப்பு. இவ்வளவோடுதான் கோயம்புத்தூரிலிருந்து தாம்பரத்தில் வந்து இறங்கினேன். வீடு பார்க்க வருகிறவன் பருப்போடு வருவானா என்று கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்டேன். என் மனைவி பூங்கொடி பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டே பதில் சொன்னாள். "எந்த ஊட்டுத் தண்ணியில பருப்பு நல்லா மசியுதோ அந்த ஊட்டுக்கு வர்றனுங்க. மசியலைன்னா நானும் பாப்பாவும் இங்கயே இருந்துக்கறோம். நீங்க வாராவாரம் வந்துட்டுப் போங்க."

வாராவாரம் வந்துபோவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். சில வருடங்களுக்கு முன் வேலைக்காகப் புனேயில் இரண்டு வருடம் தனியாக இருந்தேன். லீவில் வீட்டுக்கு வந்தால் மகள் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். மூன்றாவது நாள்தான் பக்கத்தில் வருவாள், நான்காவது நாள் எனக்கு ரயில். இப்போது அவளுக்கு ஏழு வயது. இன்னொரு முறை அப்படி ஆகக் கூடாது என்பது மட்டும் எனக்கு உறுதியாக இருந்தது. ஆனால் கோவையில் நான் வேலை பார்த்த பம்பு கம்பெனி எங்கள் பிரிவையே மூடிவிட்டது. மறைமலைநகர் பக்கம் ஒரு வால்வு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. வேலையை மாற்ற முடியாது. பருப்பை வேகவைக்கலாம், அவ்வளவுதான்.

தண்ணீர் விஷயத்தில் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் வேறு எந்த ஊரிலும் முதல் மடக்கிலேயே முகத்தைச் சுளிப்போம். பூங்கொடிக்கு அதற்கு மேலும் ஒரு காரணம் இருந்தது. கல்யாணத்துக்கு முன் ஒரு வருடம் கிழக்குத் தாம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கி பி.எட். படித்தவள். அந்த வருடத்தைப் பற்றி அவள் அதிகம் பேசியதில்லை. போகும்போது இருந்த முடியில் பாதிதான் திரும்பி வந்தது என்று மட்டும் சொல்வாள். இப்போது அவள் கணக்கு டீச்சர். பங்குனி மாதம், பரீட்சை நேரம், லீவு எடுக்க முடியாது. ஆகவே நான் மட்டும் வந்தேன், நான்கு நாள் கெடு வைத்துக்கொண்டு.

என் தொழில் தரக்கட்டுப்பாடு. எதைச் சோதித்தாலும் ஒரே அளவு, ஒரே நேரம். கால் டம்ளர் பருப்பு, இரண்டு டம்ளர் தண்ணீர், அரை மணி நேரம் ஊறல், நாற்பது நிமிடம் கொதி, பிறகு கரண்டியின் பின்பக்கத்தால் ஓர் அழுத்து. நோட்டில் எழுதிவைத்துக்கொண்டேன்.

மேற்குத் தாம்பரத்தில் லாட்ஜில் பெட்டியை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். இட்லிக்கு வடகறி ஊற்றினார்கள். எங்கள் ஊரில் இட்லிக்கு சாம்பார், சட்னி, ரொம்ப ஆசைப்பட்டால் குருமா. இங்கே வடையை உதிர்த்து மசாலாவில் போட்டு அதற்கு இன்னொரு பிறவி கொடுத்திருந்தார்கள். சந்தேகத்தோடு ஆரம்பித்து ஆறு இட்லி சாப்பிட்டேன்.

ஏழுமலை அங்கேதான் வந்து சேர்ந்தார். ஆட்டோ ஓட்டுகிறார், கூடவே வீட்டுத் தரகும் பார்க்கிறார். புதுக் கம்பெனியில் ஒருவர் நம்பர் கொடுத்திருந்தார். "வாங்க, போலாங்களா?" என்றேன். அவர் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா சார், எனக்குப் போய் ங்க போட்டுப் பேசிகினு கீறீங்க. கூச்சமா கீது."

"எங்கூர்ல எல்லாரையும் அப்படித்தாங்க பேசுவோம்."

"நாயக்கூடவா?"

"நாய் பெருசா இருந்தா."

அவர் சிரித்தார். அதோடு நாங்கள் சிநேகிதர்கள் ஆனோம்.

முதலில் முடிச்சூர். ஒரு காலத்தில் வயலாக இருந்த இடம் என்று தெருக்களின் மட்டத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஒரு தெரு மேலே, அடுத்த தெரு கீழே. நாங்கள் பார்த்தது தரைத்தள வீடு. விசாலமான ஹால், இரண்டு படுக்கையறை, வாசலில் வண்டி நிறுத்த இடம், கம்பெனிக்கும் கிட்டம். சுவரில் மார்பு உயரம் வரை ஒரு மஞ்சள், அதற்கு மேல் கொஞ்சம் வெளிறிய மஞ்சள். வித்தியாசம் மிகக் குறைவு. ஆனால் பதினான்கு வருடம் பம்பு உறைகளில் பெயின்ட் பூச்சைச் சோதித்த கண்ணுக்கு அது தப்பாது.

"ரெண்டாயிரத்துப் பதினஞ்சு வெள்ளத்துல இங்க தண்ணி வந்துதுங்களா?" என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"ரோட்ல கொஞ்சம் நின்னுது சார். உள்ள ஒண்ணுமில்ல."

அவர் மனைவியிடம் ஒரு பாட்டிலை நீட்டித் தண்ணீர் கேட்டேன். "இருங்க சார், கேன்ல புடிச்சித் தரேன்" என்று உள்ளே போகப் பார்த்தார். "அது வேண்டாங்க, குழாய்த் தண்ணிதான் வேணும்" என்றேன். அந்த அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சமையலறைக் குழாயில் பிடித்துக் கொடுத்தார். விருந்தாளிக்கு நல்ல தண்ணீர் கொடுக்க நினைக்கிறார், பண்பான குடும்பம் என்று எண்ணிக்கொண்டேன்.

திரும்பும் வழியில் ஏழுமலை வண்டியின் வேகத்தைக் குறைத்தார். பிறகு, "இந்தத் தெருவுல அப்ப படகு வுட்டாங்க சார். என் மச்சினிச்சிய மொட்ட மாடிலர்ந்து எறக்கினோம். கமிசன் போனாலும் பரவால்ல, சொல்லணும்னு தோணிச்சு" என்றார்.

"அப்புறம் ஏன் கூட்டிட்டு வந்தீங்க?"

"பெரிய வூடு, கம்மி வாடகைன்னு கேட்டது நீங்கதான?"

சாயங்காலம் லாட்ஜ் அறையில் குக்கரைப் போட்டேன். ஐந்தாவது நிமிடம் அந்த மாடி முழுக்கக் கரன்ட் போயிற்று. மேனேஜர் கதவைத் தட்டினார். "அயர்ன் பாக்ஸ் போட்டீங்களா சார்?" இல்லை, பருப்பு என்றேன். அவர் கோபப்பட வந்தவர் குழம்பிப்போய், "உடம்புக்கு ஏதாச்சும் பத்தியமா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். மனிதர் இரங்கி, கீழே அலுவலக அறையில் இருந்த பெரிய பிளக்கைக் காட்டினார். நாற்பது நிமிடம் கழித்துக் கரண்டியால் அழுத்தினேன். பருப்பு முழுசு முழுசாக அப்படியே இருந்தது. போட்டோ எடுத்து பூங்கொடிக்கு அனுப்பினேன். "அடப் பாவமே. வேற இடம் பாருங்க" என்று உடனே பதில் வந்தது.

வியாழக்கிழமை பல்லாவரம் போயிருக்க வேண்டும். ஏழுமலைக்கு ஒரு கல்யாண சவாரி இருந்ததால் ரயிலில் நானே கிளம்பினேன். வந்து நின்ற வண்டியில் ஏறி, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, காற்று நன்றாக வருகிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். எதிரில் இருந்தவரிடம் பல்லாவரம் எத்தனையாவது ஸ்டேஷன் என்று கேட்டேன். அவர் பேப்பரை மடித்தார். "பல்லாவரம் பின்னாடி போயிட்டிருக்கு சார். இது செங்கல்பட்டு வண்டி. பரவாயில்ல, உக்காருங்க, வண்டலூர்ல எறங்கிப் புலியப் பாத்துட்டு வரலாம்." பெருங்களத்தூரில் இறங்கி எதிர் பிளாட்பாரத்துக்கு ஓடினேன். பல்லாவரம் போய்ச் சேர்ந்தபோது வீட்டுக்காரர் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டார். மறுநாள் வாருங்கள் என்று வாட்ச்மேனிடம் சொல்லிவைத்திருந்தார். ஒரு நாள் வீண். கோவையில் இப்படி வழி தவறவே முடியாது, அங்கே தவறிப் போக இத்தனை ரயில் கிடையாது.

வெள்ளிக்கிழமை பல்லாவரத்தில் சந்தை. வீட்டுக்காரர் சொன்ன நேரத்துக்கு முன்பே போய்ச் சுற்றினேன். பழைய மிக்சி, மீன் தொட்டி, ரோஜாச் செடி, புறா, கைப்பிடி மட்டும் இல்லாத நாற்காலிகள், யாரோ விட்டுப் போன கிரிக்கெட் மட்டைகள் எல்லாம் வரிசையாக இருந்தன. ஒருவர் பாத்ரூம் குழாய்களை மட்டும் விரித்து வைத்திருந்தார். எல்லாக் குழாயின் வாயிலும் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. அந்தச் சந்தையிலேயே எனக்கு உபயோகமான தகவல் அதுதான். அதன் அர்த்தம் எனக்கு அப்போது புரியவில்லை.

வீடு மாடியில் இருந்தது. ஸ்டேஷன் பக்கம், பஸ் பக்கம், கடை கண்ணி எல்லாம் காலடியில். வீட்டுக்காரர் பேசிக்கொண்டே இருப்பார். திடீரென்று வாக்கியத்தின் நடுவில் நிறுத்தி, விரலை உயர்த்திக்கொண்டு அப்படியே நிற்பார். ஒரு விமானம் தலைக்கு மேல் போகும். சத்தம் அடங்கியதும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார். அந்த வீட்டில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். பாப்பா வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது ஏழேழிலே நிறுத்தி நிற்பதை நினைத்துப் பார்த்தேன்.

"கோயம்புத்தூர்ல நீங்க எந்தப் பக்கம்? நம்ம..." என்றவர் விமானத்துக்காக நிறுத்தினார். அது போனதும், "...நம்ம ஆளுங்களா?" என்று முடித்தார். பம்பு கம்பெனி ஆளுங்க என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. தண்ணீர் கேட்டபோது அவரும் கேன் தண்ணீரைத்தான் எடுத்து வந்தார். நானும் பிடிவாதமாகக் குழாய்த் தண்ணீரைத்தான் கேட்டு வாங்கினேன். "மினரல் வாட்டர் குடுத்தாக்கூட வேணாங்கறாரு" என்று அவர் உள்ளே யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது.

அன்றைய பருப்பு முதல் நாள் பருப்பைவிட மோசம். வெளித்தோற்றம் வெந்த மாதிரி, உள்ளே கல். மேனேஜர் எட்டிப் பார்த்து, "பத்தியம் ஆச்சா சார்? இன்னும் உடம்பு தேறலயா?" என்றார். வேகாத பருப்பை முன்னால் வைத்துக்கொண்டு, சோதனையில் தேறாத பம்பைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். பூங்கொடிக்குப் போட்டோ அனுப்பினேன். "அடப் பாவமே" மறுபடி வந்தது. மகள் ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தாள். "அப்பா, உங்க ஊர்ல கடல் இருக்குதா?" உங்க ஊர். எனக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை கடைசி நாள். சாயங்காலம் ரயில். ஏழுமலை சிட்லபாக்கம் கூட்டிப் போனார். தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனிலிருந்து உள்ளே நுழைந்த கொஞ்ச தூரத்திலேயே சத்தம் குறைந்துவிட்டது. ஏரிக்கரையில் தொப்பி போட்ட பெரியவர்கள் கையை வீசி வேகமாக நடந்துகொண்டிருந்தார்கள். வாசலுக்கு வாசல் வேப்பமரம் இருந்தது. சுமார் நாற்பத்தைந்து வயது எஸ்தர் மேடம் கதவைத் திறந்தார். பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை, அன்று விடுமுறை. கீழே அவரும் கல்லூரி படிக்கும் மகளும் இருக்கிறார்கள். மாடி காலி.

மாடி சின்னதுதான். ஹாலில் நான்கு பேர் உட்கார்ந்தால் ஐந்தாமவர் நிற்க வேண்டும். ஆனால் எஸ்தர் மேடம் நான் கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னார். "வெள்ளத்துல தெருவுல முட்டி வரைக்கும் தண்ணி சார். எங்க வாசல்ல மூணாவது படியில நின்னுடுச்சு, உள்ள வரல. ஆனா நாலு நாள் வெளிய போக முடியல. கரன்ட் இல்ல. அதையும் சொல்லிடணும் இல்ல?"

அவருடைய கணவர் எங்கே என்று கேட்டேன்.

"மஸ்கட்ல. பதினொரு வருஷமாச்சு. வருஷத்துக்கு முப்பது நாள் லீவ்."

"பழகிருச்சுங்களா?"

"அவர் பழகிடுச்சுன்னு சொல்வார். நானும் அதுக்கு மேல கேக்கறதில்ல" என்றார். சொல்லிவிட்டு ஜன்னலைத் திறந்து காற்று எப்படி வருகிறது என்று காட்டினார்.

கீழே வந்ததும் பாட்டிலை நீட்டினேன். அவரும் கேனை நோக்கிப் போவார் என்று எதிர்பார்த்தேன். அவர் போகவில்லை. "எதுக்கு சார் குழாய்த் தண்ணி? லேபுக்கா?" என்று நேராகக் கேட்டார். நான்கு நாளில் யாரும் கேட்காத கேள்வி. சொன்னேன். பருப்பு, நாற்பது நிமிடம், மசியாவிட்டால் மனைவி வரமாட்டாள், எல்லாம்.

அவர் சிரித்துவிட்டார். வாசலில் நின்ற ஏழுமலையும் தலையில் கை வைத்தார். "இதுக்குத்தானா சார் பாட்டிலு? என்னைக் கேக்கக்கூடாதா?"

"குழாய்த் தண்ணியில யாரு சார் பருப்பு வேக வைப்பா?" என்றார் எஸ்தர் மேடம். "போர் தண்ணி உப்பு. குளிக்க, துவைக்க மட்டும்தான். சமையலுக்கு இந்த ஏரியா முழுக்க கேன் வாட்டர்தான். இங்க ஒரு வாரம் இருந்தவங்களுக்கே தெரியுமே. உங்க மிஸஸ் சென்னைப் பக்கம் வந்ததே இல்லையா?"

"பி.எட். இங்கதாங்க படிச்சா. கிழக்குத் தாம்பரம். ஒரு வருஷம் ஹாஸ்டல்ல..."

சொல்லச் சொல்லவே என் குரல் இறங்கியது. ஒரு வருடம் ஹாஸ்டலில் இருந்தவளுக்கு இது தெரியாமல் இருக்குமா? எந்த வீட்டுக் குழாயிலும் பருப்பு வேகாது என்று தெரிந்துதான் பருப்பைக் கட்டிக் கொடுத்திருக்கிறாள். அவளுக்கு வர விருப்பமில்லை. அதை வாயால் சொல்லாமல் அரைக் கிலோவாக அளந்து என் பெட்டியில் வைத்திருக்கிறாள். முகத்தில் சூடு ஏறியது. கோபமா, அவமானமா என்று பிரித்துப் பார்க்கும் நிலையில் நான் இல்லை.

எஸ்தர் மேடம் சிரிப்பை நிறுத்தி என்னைப் பார்த்தார். காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். பிறகு வேறு பேச்சுப் போல, "எங்க வீட்டுக்கு கேன் வர்றதில்ல. பின்னாடி கிணறு இருக்கு. நிறையப் பேர் மூடிட்டாங்க, எங்க மாமனார் மூட விடல. கோடையில அடிமட்டத்துக்குப் போயிடும், அப்ப கேன் வாங்கித்தான் ஆகணும். மத்த நாள்ல சமையல் கிணத்துத் தண்ணியிலதான். எடுத்துட்டுப் போங்க" என்றார். என்னை ஹாலில் உட்காரவைத்துவிட்டுப் பின்பக்கம் போய், வாளியை இறக்கி இழுத்து, பாட்டிலை அவரே நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்.

லாட்ஜுக்குத் திரும்பி குக்கரைப் போட்டேன். தேற வேண்டாம் என்று வைத்த சோதனையில் தேறி என்ன ஆகப்போகிறது? ஆனாலும் கால் டம்ளர் அளந்தேன், அரை மணி ஊறவைத்தேன். நாற்பதாவது நிமிடம் கரண்டியை வைத்ததும் பருப்பு குழைந்து வெண்ணெயாக ஒதுங்கியது. மேனேஜர் எட்டிப் பார்த்து, "இப்ப உடம்பு தேறிடும் சார்" என்றார். உப்பைப் போட்டு அப்படியே வழித்துத் தின்றேன். எங்கள் வீட்டுப் பருப்பு மாதிரியே இருந்தது.

போட்டோ எடுக்கவில்லை. எடுத்து அனுப்பினால் அவளை அவள் வார்த்தையிலேயே கட்டிப்போட்ட மாதிரி ஆகும். அவளுக்கும் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, பத்து வருட வேலை இருக்கிறது, இரண்டு தெரு தள்ளி அக்கா இருக்கிறாள். எனக்கு வேலை கிடைத்ததும் எல்லோருக்கும் ஸ்வீட் கொடுத்தேனே ஒழிய, நீ வருகிறாயா என்று அவளிடம் ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை. எந்த வீடு என்றுதான் கேட்டேன்.

ஏழுமலையின் ஆட்டோவில் ஸ்டேஷனுக்குப் போகும்போது போன் செய்தேன்.

"பருப்பு என்னாச்சுங்க?" என்றாள்.

"பூங்கொடி, இங்க யாரும் குழாய்த் தண்ணியில சமைக்கறதில்ல. அது உனக்குத் தெரியும்தானே?"

பின்னால் டிவி ஓடுகிற சத்தம் கேட்டது, பிறகு அதை யாரோ அணைத்தார்கள்.

"தெரியுமுங்க" என்றாள். "போக வேண்டாம்னு சொல்ல மனசு வரல. நான் வர்லைன்னு சொல்லவும் வாய் வரல. பருப்பு மேல பழியப் போட்டுட்டனுங்க."

"தப்பு என்னோடதும்தான். நான் உன்னைக் கேக்கவே இல்ல."

ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"இன்னிக்கு ஒரு வீட்ல வெந்துருச்சு. சிட்லபாக்கம். கிணத்துத் தண்ணி. நல்லா மசிஞ்சுது. ஆனா அதுக்காக நீ வரணும்னு இல்ல. வெந்ததைச் சொல்லாம மறைக்கக் கூடாதுன்னு சொல்றேன், அவ்வளவுதான். நீ இருக்கறதுன்னா இரு. நான் வாராவாரம் வர்றேன்."

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. பாப்பா என்னவோ கேட்டாள், பூங்கொடி அவளை அதட்டினாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, ஸ்கூலில் பேசுகிற குரலில் கேட்டாள்.

"ஏனுங்க, அந்தக் கெணத்துக்கு மூடி இருக்குதுங்களா?"

பெயின்ட் பார்த்தேன், படி எண்ணினேன், நாற்பது நிமிடம் கடிகாரம் பார்த்தேன். பாப்பா ஓடி விளையாடப்போகிற இடத்தில் அதை மட்டும் பார்க்கவில்லை. ஸ்டேஷன் வாசல் வந்திருந்தது. ஏழுமலையின் தோளைத் தட்டி, சிட்லபாக்கத்துக்கே வண்டியைத் திருப்பச் சொன்னேன்.